பொய் சொல்லும் மெஷின்

"மறுபடியும் குறைச்சுக் காட்டுது, தண்டக் கருமாந்திரம்!"

ஊதும் மெஷின் மேல் எரிந்து விழுந்தார் டாக்டர். பரம்பரை நுரையீரல் நோய் யாருக்கு எவ்வளவு வேகத்தில் முற்றும் என்று ஊதச் சொல்லியே கணித்துவிடும் புலி அவர். நோய் வந்த சொந்த அண்ணனுக்கே தாட்சண்யம் பார்க்காமல் கணக்குச் சொன்னவர்.

மூன்றாம் முறையாக வந்த மெக்கானிக், கழற்றிப் பூட்டித் தானே ஊதிப் பார்த்தார். "சரியாத்தானே காட்டுது சார்?"

"தினம் காலைல நோயில்லாத ஒருத்தர் ஊதித்தான் மெஷினைச் சரிபார்ப்போம். ஒரு வருஷமா அவர் அளவு இறங்கிட்டே போகுதுப்பா."

"யார் சார் அவர்?"

"நான்தான்..." டாக்டரின் பார்வை மேசையில் கிடந்த அண்ணனின் ஃபைலில் நிலைகுத்தியது. அதே சரிவு.

"மெஷினை மூடுப்பா," என்றார். "ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி, கழுநீர்ப் பானையில விழுந்தாச்சு."