பேச்சில்லாத லைன்கள்

புயல் கரையைக் கடந்த பிற்பகலில், வெளிநாட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போன் போட்டார்கள். இணைய அழைப்பு நிறுவனத்தின் சர்வர் திணறியது. "யாரும் பேசாம சும்மா ஓடுற லைனையெல்லாம் வெட்டிவிடும்மா தமயந்தி. இல்லேன்னா மொத்தமும் படுத்துடும்," என்றார் மேலாளர் எபனேசர். தமயந்தி வெட்டினாள். பாரம் இறங்கியது. காத்திருந்தவர்களுக்கு வழி கிடைத்தது. எபனேசர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

மறுநாள் குவைத்திலிருந்து ஒருவர் நிறுவனத்துக்குக் கூப்பிட்டார்; தமயந்திதான் எடுத்தாள். குரலில் கோபமே இல்லை. "அப்பாவுக்குப் பேச்சு நின்னுபோச்சு மேடம். பக்கத்து வீட்டம்மா போனைத் தலையணையில வச்சிட்டுப் போனாங்க. நான் அவர் மூச்சைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். திடீர்னு சத்தமில்ல, லைன் போயிடுச்சு. திரும்பக் கிடைக்கவேயில்ல. அவங்க வந்து பாத்தப்ப அப்பா இல்ல. நீங்க வெட்டினீங்களா, இல்ல மூச்சு நின்னதால மெஷினே வெட்டிடுச்சா? அது மட்டும் தெரியணும்."

"நான்தான் வெட்டினேன் அண்ணே. அப்ப மூச்சு இருந்துச்சு. நான் கேட்டேன்."

"சீரா வந்துச்சா?"

"சீரா வந்துச்சு."

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அவள் எதையும் கேட்டிருக்கவில்லை. அவள் திரையில் ஓடியவை வெறும் எண்கள். ஆனால் இப்போது, எங்கே கொஞ்சம் அமைதி விழுந்தாலும், ஒரு கிழவரின் மூச்சு அவள் காதருகே வருகிறது. அது சற்று நிற்கும்போதெல்லாம், அடுத்தது வரும்வரை அவளும் தன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.