மூன்று முறை கரையும் காக்கைகள்

கல்யாண மண்டபத்துக் காக்கைகள் கொழுகொழுவென்று இருந்தன. தபாலாபீஸ் காக்கைகளோ இறகை விலக்கினால் வெறும் எலும்பு. பாவம், உறை ஒட்டுகிற பசையைத் தின்று எந்தக் காக்கைதான் கொழுக்கும்?

ஒருநாள் தபாலாபீஸ் காக்கை ஒன்று மண்டபத்துக்கே வந்து கேட்டது. "அண்ணே, உங்க கூட்டம் மட்டும் எப்படி இவ்வளவு செழிப்பா இருக்கு?"

மண்டபத்துக் காக்கை ஜாங்கிரித் துண்டை விழுங்கிவிட்டுச் சொன்னது. "எல்லாம் கட்டுப்பாடுதான் தம்பி. விடியறதுக்கு முன்னாடி எழுந்திருப்போம். மதில்மேல வரிசையா உட்கார்ந்து, ஒரே குரல்ல மூணு தடவை கரைவோம். கொஞ்ச நேரத்துல சோறோட இலை வந்து விழும்."

தபாலாபீஸ் காக்கைகள் ஒரு மாதம் அப்படியே கரைந்தன. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"மூணாவது தடவை உங்களுக்குச் சுருதி சேரலை," என்றது மண்டபத்துக் காக்கை.

ஆடி பிறந்தது. ஊரில் கல்யாணமே இல்லை, மண்டபத்துக்குப் பூட்டு. தபாலாபீஸை ஒட்டிய அம்மன் கோயிலிலோ அண்டா அண்டாவாகக் கூழ் ஊற்றினார்கள்.

மண்டபத்துக் காக்கை மெலிந்து, பறக்கத் தெம்பில்லாமல் தத்தித் தத்தி வந்தது. "எங்கள்ல எவனோ மூணாவது தடவை தப்பாக் கரைஞ்சுட்டான் தம்பி. விசாரணை நடக்குது. அது கிடக்கட்டும், நீங்க எப்படி இப்படிப் பெருத்தீங்க?"

தபாலாபீஸ் காக்கை அலகில் ஒட்டியிருந்த கூழைக் கிளையில் துடைத்தது. கோயிலை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது:

"நாங்க நாலு தடவை கரைவோம்ணே."