இருபத்தைந்து துளிகள்

2014 ஜனவரி 15, புதன்கிழமை. தென் மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேதியியல் துறை, மூன்றாவது மாடி. காலை 10.40க்கு முதல் துளி விழுந்தது.

முதல் துளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊசி முனையில் காற்று கலந்திருக்கும்.

அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று நிமிடத்துக்கு ஒரு துளி செம்புக் கரைசல். மொத்தம் இருபத்தைந்து. துளி விழும் இடத்தில் வெப்பம் பிறந்தால் திரையில் கோடு கீழே இறங்கி ஏறும். பிறக்காவிட்டால் கோடு நேராகப் போகும்.

இன்று நேராகத்தான் போக வேண்டும்.

ஏனென்றால் கீழே பெப்டைடு இல்லை. அதைக் கரைக்கும் பஃபர் திரவம் மட்டும்தான் இருக்கிறது.

ஒன்பது அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து அவள் செய்த பெப்டைடு அது. செம்பை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் சிறு பெப்டைடு வேறில்லை என்று அவளுடைய கட்டுரை சொல்கிறது. ஆய்வேடும் அதையே முந்நூறு பக்கத்தில் சொல்கிறது. வரும் திங்கட்கிழமை கடைசி நாள். இது மூன்றாவது நீட்டிப்பு. நான்காவது கிடையாது.

பின்னிணைப்பில் ஒரு பக்கம் மட்டும் பாக்கி. பெப்டைடு இல்லாத வெற்றுச் சோதனை. முன்பு இங்கே ஆய்வு செய்த பெனிட்டா அக்கா கனடா போகும்முன் கணினியில் விட்டுப்போன வெற்றுச் சோதனைக் கோப்பைத்தான் அந்த ஆய்வகத்தில் எல்லோரும் தங்கள் அளவிலிருந்து கழித்துக்கொள்வார்கள். நேற்று அதைத் திறந்து முதன்முறையாக விவரம் படித்தாள்.

அக்கா அதை வெறும் தண்ணீரில் செய்திருந்தாள்.

சரி, பஃபரில் ஒருமுறை போட்டுவிடலாம். ஒரு மணி நேர வேலை.

இரண்டாவது துளி. கோடு இறங்கியது.

மூன்றாவது. இறங்கியது.

வாசலில் வாட்ச்மேன் தவசிமுத்து தலையை நீட்டினார்.

"என்ன பாப்பா, இன்னிக்குமா? மாட்டுக்கே லீவு விட்டாச்சு."

அவள் சிரித்தாள். அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் கிடந்தது.

விடுதி மெஸ் சனிக்கிழமையே மூடிவிட்டது. அவளோடு சேர்ந்தவர்களில் யாரும் இப்போது இங்கே இல்லை.

ஐந்தாவது துளி. ஆறாவது.

வேறு ஏதாவது வெப்பமாக இருக்கலாம். கலக்கியின் உராய்வு. ஊசியில் அழுக்கு. அப்படியென்றால் இருபத்தைந்தும் ஒரே ஆழத்தில் இறங்கும். ஏதோ ஒன்று செம்பைப் பிடிக்கிறது என்றால் மட்டும்தான், பிடிக்கும் இடம் நிரம்ப நிரம்ப ஆழம் குறையும்.

அவள் கட்டுரையில், படம் மூன்றில், பதினொன்றாவது துளியில் பாதியாகக் குறைந்திருக்கும்.

11.10.

பாதியாகக் குறைந்தது.

மீதிப் பதினான்கு துளிகளையும் அவள் விழவிட்டாள். நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பக்கத்து அறை டிஎன்ஏ ஆட்களுடையது. வாரம் ஒருமுறை இருபது லிட்டர் பஃபர் கரைத்து வைப்பார்கள். எதற்கு இரண்டு அறையிலும் கரைக்க வேண்டும் என்று நான்கு வருடமாக அவள் அந்தக் கேனிலிருந்துதான் எடுத்து வந்தாள். கேனில் 'டிரிஸ்' என்று பஃபரின் பெயர் மட்டும் எழுதியிருக்கும். அலமாரிக் கதவின் உள்பக்கம் செய்முறைத் தாளை ஒட்டியிருந்தார்கள். இன்றுதான் அதைப் படித்தாள். இரண்டாவது வரியில் இடிடிஏ.

டிஎன்ஏ ஆட்களின் வழக்கம் அது. டிஎன்ஏ சிதைந்துபோகாமல் இருக்கச் சேர்ப்பார்கள். எந்த உலோகத்தைக் கண்டாலும் பிடித்துக்கொள்ளும். விடாது. நான்கு வருடமாகச் செம்பைப் பிடித்தது அதுதான், பெப்டைடு அல்ல.

தன் வழிகாட்டி, பேராசிரியர் தாணுமாலயனுக்குப் போன் போட்டாள். பின்னணியில் குக்கர் விசில், குழந்தைகளின் சத்தம்.

"பெப்டைடே இல்லாமயா வந்துச்சு?"

"ஆமா சார்."



"யாராவது கேட்டாங்களாம்மா?"

"ஆகஸ்ட்ல ஒருத்தி கேட்டா சார்."

அஸ்ஸாமிலிருந்து ரிதுபர்ணா என்றொரு ஆய்வு மாணவி. உலகத்தில் அந்தப் பெப்டைடைச் செய்து பார்த்த ஒரே இன்னொரு ஆள். எட்டு மாதமாக முயல்கிறேன், எனக்குச் செம்பு பிணையவே இல்லை, பஃபரை எப்படித் தயாரிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாள்.

எல்லோரும் தயாரிப்பது போலத்தான் என்று அன்று மாலையே பதில் போட்டிருந்தாள் இவள். செம்புக் கரைசலைப் புதிதாகக் கரைத்துப் பாருங்கள், பொறுமை வேண்டும் என்றும்.

"எங்கயோ அஸ்ஸாம்ல. அவ கெடக்கா, விடு," என்றார் அவர். "திங்கக்கிழமை கொண்டுபோய்க் குடுத்துரு. மத்ததப் பொறவு பாத்துக்கலாம். பொங்கல் சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் சார்."

சாப்பிட்டிருக்கவில்லை.

மதியம் இரண்டு மின்னஞ்சல்கள் எழுதினாள். ஒன்று கட்டுரை வெளியான இதழின் ஆசிரியருக்கு, பேராசிரியருக்கு நகலோடு. மற்றது ரிதுபர்ணாவுக்கு. முதலாவதை எழுத இருபது நிமிடம் ஆயிற்று. இரண்டாவதில் நான்கு வரிகள்தான். அதை எழுதி முடித்தபோது வெயில் சன்னலை விட்டு இறங்கியிருந்தது.

சனிக்கிழமை ரிதுபர்ணாவின் பதில் வந்தது. நவம்பரிலேயே ஆய்வை விட்டுவிட்டாளாம். ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாளாம். தெரிவித்ததற்கு நன்றி, உங்கள் அறுவடைப் பண்டிகைக்கு வாழ்த்துகள் என்று முடித்திருந்தாள்.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகம் ஆய்வேடுகளைப் பெறுவதை நிறுத்தியது. வேதியியல் துறையிலிருந்து அன்று எதுவும் வரவில்லை.