கால்சியம் கடைசியில்

ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் அறையின் கண்ணாடிக்கு வெளியே ஒரு அம்மாள் வந்து நின்றதுமே மின்னலுக்குப் புரிந்துவிட்டது. மேலிடத்து ஆய்வாளர்தான், சந்தேகமே இல்லை!

காலையில்தான் தலைமை மருந்தாளர் எச்சரித்திருந்தார். "இன்னைக்கு ஆய்வுக்கு ஒரு மேடம் வராங்க. சொல்லிட்டு வரமாட்டாங்க, அடையாள அட்டைகூட மாட்டமாட்டாங்க. தப்பு ஏதாவது கண்ணுல பட்டுச்சுன்னா உன் வேலை போச்சு, பார்த்துக்கோ."

மின்னல் என்பது உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர். பால் குடிக்கத் தெம்பில்லாத பச்சைக் குழந்தைகளுக்கு ரத்தக்குழாய் வழியே ஏற்றும் சத்துக் கரைசலை, மற்றவர்கள் கையுறை மாட்டி முடிப்பதற்குள் கலந்து வைத்துவிடுவான். அந்தப் புகழில் அவனுக்குத் தலைகால் புரியாது.

பாஸ்பேட்டும் கால்சியமும் தனித்தனியே தங்கமான பிள்ளைகள். நேருக்கு நேர் விட்டால் கட்டிப் புரண்டு சுண்ணாம்புத் தூள் போலாகிவிடும். அதனால் பாஸ்பேட்டை முதலில் விட்டு, நன்றாகக் கலக்கி, கால்சியத்தைக் கடைசியில் சேர்த்து, வெளிச்சத்தில் பார்த்த பிறகே கொழுப்புக் கரைசலை ஊற்ற வேண்டும்.

அந்தத் தூள் உள்ளே போனால் சின்னஞ்சிறு நுரையீரல் அடைத்துக்கொள்ளும் என்று மின்னலும் படித்தவன்தான். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். அதோடு அந்தப் பாடத்துக்கும் அவனுக்கும் கணக்குத் தீர்ந்தது.

இரண்டையும் அடுத்தடுத்துத் தள்ளுவான். பால் நிறக் கொழுப்பை மேலே ஊற்றி மூடிவிடுவான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற உலகத்தில் யார் உள்ளே எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

அந்த அம்மாள் அடிவயிற்றில் ஒரு கையை வைத்தபடி, சுவரைப் பிடித்து மெல்ல நகர்ந்து, பேசுவதற்காக விட்டிருந்த ஜன்னலருகே வந்தார். உள்ளே கரைசலுக்காக வைத்திருந்த பையில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை உதடசையப் படித்தார். பெரிய பதவி என்பது நடையிலேயே தெரிகிறதே என்று மின்னல் வியந்தான்.

"வணக்கம் மேடம். உட்காருங்க மேடம்."

"இல்லைங்க, நிக்கிறேன். நான் பார்க்கலாமில்ல?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? உங்களுக்கு இல்லாத உரிமையா?"

பதற்றத்தில் கை பழைய புத்தியைக் காட்டியது. பாஸ்பேட் போனது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கால்சியமும் போனது. கொழுப்பு பாட்டிலை எடுக்கும்போது குரல் வந்தது.

"உள்ள என்னங்க, வெள்ளையா பொடி மாதிரி மிதக்குது?"

அவனுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. என்ன கண்ணப்பா இது!

"கரெக்டா பிடிச்சிட்டீங்க மேடம்! இதைத் தூக்கிப் போடத்தான் போனேன்." பை குப்பைக்குப் போனது.

அடுத்த பையை அவன் கலந்த அழகைப் பார்த்திருந்தால் அவனுடைய வாத்தியார்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்கள். பாஸ்பேட்டை விட்டான், கலக்கினான், மறுபடியும் கலக்கினான். கால்சியத்தைக் கடைசியில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, கறுப்பு அட்டைக்கு முன்னால் பையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரொம்ப மெதுவா செய்றீங்களே, நேரமாகாதா?" என்றார் அந்த அம்மாள்.

பொறி வைக்கிறார்! மின்னலா சிக்குவான்?

"நேரம் என்ன மேடம் நேரம், ஒரு உயிராச்சே! நம்ம வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சுத்தான் ஒவ்வொரு பையும் கலக்குறது."

கரைசல் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. கொழுப்பைச் சேர்த்துப் பையை மூடி அதே பெயரில் சீட்டை ஒட்டிவிட்டு, வராத பணிவையெல்லாம் வரவழைத்துக்கொண்டு ஜன்னலருகே குனிந்தான்.

"மேடம்... அறிக்கையில நம்மளைப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லபடியா..."

அவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது. அவனை நோக்கிக் கைகூப்பினார்.

"இத்தனை நாளும் இப்படித்தான் பார்த்துப் பார்த்துக் கலந்தீங்களா, என் பிள்ளைக்கு?"