நெத்திலிக்கு மஞ்சள் அட்டை

மூன்றாவது கோலும் விழுந்தது.

அவர் அசையவில்லை. தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

விசில் ஊதியாயிற்று. அவர்களுடைய ஏழாம் பிளாக் கால்பந்து அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. புல் முளைக்காத மைதானத்தில் பையன்கள் மல்லாந்து கிடந்தார்கள். கூட்டம் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிவிட்டுக் கலைந்தது.

சிமெண்டுப் படியில் மூன்று பேர் மட்டும் எழவில்லை. நடுவில் அவர், தேவசகாயம். பக்கத்தில் ஏகாம்பரம், அவரோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கீழ்ப்படியில் ஆட்டோ ஓட்டும் மோசஸ்.

ஆட்டம் முடிந்தாலும் இவர்கள் பேச்சு முடியாது. முதல் பாதி ஆட்டம். இரண்டாம் பாதி அடுப்பு.

ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருக்களில் மீனும் கறியும் ஆம்பிளைகள் சமையல். என்ன வாங்கினோம், எப்படிச் செய்தோம் என்று இந்தப் படியில் வந்து ஒப்பிக்க வேண்டும். பக்குவம் தப்பினால் தேவசகாயம் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டுவார். அவர் ரெஃப்ரியாக இருந்த காலத்து அட்டை. மைதானத்தில்கூட அவர் அத்தனை கறார் கிடையாது.

சீசன் பாதியில் அவர் தொண்டையில் கட்டி வந்தது.

புற்று.

முதலில் குரல் போனது. பிறகு சோறு இறங்கவில்லை. பிறகு தண்ணீரும். இப்போது வயிற்றில் ஒரு குழாய். அதில் மனைவி ஸ்டெல்லா கஞ்சியை ஊற்றுகிறாள். பசி அடங்கிவிடுகிறது. பாழாய்ப்போன ஆசைதான் அடங்க மாட்டேன் என்கிறது.

வீட்டில் தாளிப்புச் சத்தமே நின்றுவிட்டது. ஸ்டெல்லா பக்கத்து வீட்டுக்குப் போய் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருகிறாள். அவருக்குத் தெரியாது என்று நினைப்பு. தொண்டைதானே போனது, மூக்குக்கு என்ன கேடு?

அதனால்தான் தள்ளாடிக்கொண்டாவது ஞாயிறுதோறும் வந்தார். ஆட்டம் ஒரு சாக்கு. இவர்கள் வாயால் ஒரு குழம்பு கொதிப்பதைக் கேட்டால் போதும்.

ஆனால் சிநேகிதர்கள் நல்லவர்களாகப் போய்விட்டார்கள்.

அவர் எதிரில் சோறு என்ற பேச்சையே எடுப்பதில்லை. முதல் பாதியோடு எழுந்துவிடுகிறார்கள். இன்றுகூட மோசஸ் வீட்டில் காஸ் தீர்ந்து அடுப்பு மூட்டவில்லையாம். அவரை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் டீக்கடையில் ஆட்டோவை நிறுத்தி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பன்னை அவசர அவசரமாகத் தின்றான். அவர் தெருவைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி ஆளே இல்ல. கோல்ல நிக்கற கோலி ஒருத்தன் இன்னா பண்ணுவான்?" என்றான் மோசஸ்.

"வுடு. அடுத்த வருசம் மேல வந்துடலாம்," என்றார் ஏகாம்பரம்.

சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மூவரும் கோல் கம்பத்தைப் பார்த்தார்கள்.

மோசஸ் சாவியோடு எழுந்தான்.

சீசனில் இதுதான் கடைசி ஆட்டம். இப்போது எழுந்துவிட்டால் தேவசகாயத்துக்கு இந்தப் படி இனி இல்லை.

அவர் மோசஸின் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பையிலிருந்து அட்டையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்தார். ஏகாம்பரத்தின் முகத்தையே பார்த்தார்.

ஏகாம்பரத்துக்குப் புரிந்தது. வேண்டாம் என்று தலையாட்டினார்.

அட்டை முழங்காலில் தட்டியது. சொல்.

ஏகாம்பரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"காலைல காசிமேட்டுல நெத்திலி வாங்கினேன். மின்னிக்கினு இருந்துச்சு. மாங்கா போட்டுக் குழம்பு வெச்சேன்." அட்டையை ஓரக்கண்ணால் பார்த்தார். "கொதிச்சி, மேல எண்ண பிரிஞ்சுச்சு. மீனப் போட்டேன். போட்டுட்டு... கரண்டிய வுட்டு நல்லா கிண்டுனேன்."

மோசஸ் நிமிர்ந்தான். நெத்திலியில் கரண்டி விட ஏகாம்பரத்துக்கு என்ன பைத்தியமா?

அட்டை விருட்டென்று ஏகாம்பரத்தின் மூக்குக்கு நேரே நின்றது.

எத்தனையோ நாள் கழித்து தேவசகாயத்தின் கண்ணில் பழைய கோபம். அட்டையை மடியில் போட்டார். இரண்டு கையாலும் இல்லாத சட்டியின் விளிம்பைப் பிடித்தார். துணி வைத்துப் பிடிப்பதுபோல் விரல்கள் மடங்கின. மெல்ல ஒரு சுழற்று. மீன் உடையாமல் இன்னொரு சுழற்று. சட்டியைப் படியில் இறக்கி வைத்தார். குனிந்து மோந்து பார்த்தார்.

வாய் ஊறியது.

மாங்காய்ப் புளிப்பு நாக்கின் ஓரத்தில் நிஜமாகவே வந்து நின்றது. விழுங்கப் பார்த்தார். இறங்கவில்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு துப்பினார்.

ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேவசகாயம் துண்டை மடித்துத் தோளில் போட்டார். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மோசஸின் பக்கம் தாடையை அசைத்தார். உன் வீட்டில் என்ன?

மோசஸ் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டான்.

"வஞ்சிரம்ணே," என்றான். "நல்ல பெரிய துண்டா."

தேவசகாயம் அவன் சட்டையில் ஒட்டியிருந்த பன் துணுக்கைப் பார்த்தார்.

பிறகு அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, மேலே சொல் என்று கையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.