பதினோராம் மாடி மாங்காய்

“பிள்ளையாருக்கு நேர்ந்த மாங்காயைப் புடுங்க விடாமல் காவல் இருக்கிற மனுசனை நீர் எங்கையாவது கண்டிருக்கிறீரோ ரதி?”

அருள்மலர் தொலைபேசியில் பொரிந்து தள்ளினாள். மறுமுனையில் இருந்த ரதிக்கு இது பழைய கதை. ரொறன்ரோ டோர்செட் பார்க்கில் அந்த மாடிக் கட்டடத்து லிஃப்ற்றில் ஏறி இறங்கும் தமிழர் எல்லாருக்கும் பழைய கதைதான்.

அருள்மலரின் கணவர் விநாயகமூர்த்தி சவூதியில் பன்னிரண்டு வருஷம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். கொதிக்கிற மணலில் மாமரத்தைக் காய்க்க வைத்தவர். இதை அவரே சொல்லித்தான் எல்லாருக்கும் தெரியும்.

ரொறன்ரோவுக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. பதினோராம் மாடியில் ஹீற்றரைக் குறைக்க வழியில்லை. உதடு வெடிக்கும் வெக்கை.

“வெளியில பனி, உள்ளுக்குச் சவூதி. இஞ்ச காய்க்காமல் மா வேற எங்க காய்க்கும்?” என்று வரவேற்பறையில் ஒரு தொட்டியில் ஒட்டுமாவை வைத்தார்.

வெக்கையில் மரம் சாகாது, வறண்ட காற்றில்தான் சாகும். இது பாலைவனத்தில் அவர் படித்த பாடம். ஆகவே அருள்மலரின் சேலைகள் ஒவ்வொன்றாக நனைந்து மரத்தைச் சுற்றித் தொங்கின. பூத்தபோது தேனீக்கு எங்கே போவது? சவரம் செய்யும் பிரஷ்ஷால் பூவுக்குப் பூ தடவினார். தைப்பொங்கலன்று பார்த்தால், ஒரே ஒரு பிஞ்சு!

“கனடாவில நிரந்தரமா இருக்கிறதுக்கு லாண்டட் பேப்பர் வந்தால் இந்த முதற்காய் பிள்ளையாருக்கு,” என்று அருள்மலர் அந்த இடத்திலேயே நேர்ந்துவிட்டாள்.

மாசியில் பேப்பர் வந்தது. பிள்ளையார் சொன்ன சொல் தவறவில்லை. விநாயகமூர்த்திதான் இழுத்தடித்தார்.

வெள்ளிக்கு வெள்ளி கேட்பாள். “இண்டைக்குப் புடுங்குவமே?”

“இன்னும் முத்தேல்லை மலர். தொட்டிடாதை!”

சேலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க மட்டும் அனுமதி. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். காய் கிழமைக்குக் கிழமை பெருத்தது. ஒரே ஒரு கிழமை மட்டும் கொஞ்சம் சிறுத்தது.

“என்னப்பா, சிறுத்துப் போச்சு?”

“வறண்ட காத்தெல்லே. சவூதியில, தம்மாமிலயும் உப்பிடித்தான். ஒருக்காச் சுருங்கித்தான் பெருக்கும்.”

அருள்மலருக்கோ வேறு கவலை. நேர்த்தியைச் செய்யாமல் விட்டால் வந்த பேப்பரும் திரும்பிப் போய்விடுமோ? சாமி காரியத்திலுமா இந்த மனுசனுக்குக் கஞ்சத்தனம்?

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வேலைக்குப் போனதும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சேலையை விலக்கினாள்.

“பிள்ளையாரே, மனுசனை மன்னிச்சுக்கொள்ளும்.”

காயைப் பிடித்தாள். வெட்டவே தேவையில்லாமல் கையோடு வந்தது. கூடவே ஒரு பச்சை நூலும் வந்தது. காயின் பின்பக்கத்தில் ஒரு குட்டி ஸ்ரிக்கர். அதில் ‘மெக்சிக்கோ’ என்று எழுதியிருந்தது.

அருள்மலர் அப்படியே சோபாவில் இருந்துவிட்டாள். காய் கிழமைக்குக் கிழமை பெருத்த மர்மம் விளங்கியது. சிறுத்த மர்மமும் விளங்கியது. அந்தக் கிழமை கடையில் பெரிய காய் கிடைத்திருக்காது!

அப்படியென்றால் உண்மையான காய் எங்கே? சாமிக்கு நேர்ந்ததைத் தின்றே விட்டாரா?

“வரட்டும் இண்டைக்கு!”

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஒன்பதாம் மாடி கிளடிஸ், ஏழு மாத வயிற்றோடு நின்றாள். கையில் ஒரு சின்னச் சில்வர் கோப்பை. ஒரு மாதமாக அருள்மலர் வீடு முழுக்கத் தேடிய அதே கோப்பை.

“குறை நினைக்காதேங்கோ அன்ரி, தரப் பிந்திப் போச்சு. வெறுங்கோப்பையாத் தரக்கூடாதெண்டு ரெண்டு பயத்தம் உருண்டை போட்டுக் கொண்டந்தனான்.”

“உது எப்பிடி உம்மட்ட வந்தது?”

“அங்கிள் சொல்லேல்லையே? எனக்குத் தண்ணி குடிச்சாலும் சத்தி எடுக்கும் அன்ரி. கடையில வாங்கின மாங்காயும் வயித்தில நிக்கேல்லை. மரத்தில புடுங்கின, பால் வடியிற காய் ஒண்டு கிடைச்சால் எண்டு லிஃப்ற்றுக்குள்ள என்ர மனுசன் அலெக்ஸாண்டரிட்டைச் சொல்லி அழுதனான். அங்கிளும் நிண்டவர். ஒரு கதையும் கதைக்கேல்லை. பத்து நிமிசத்தில மாங்காயை வெட்டி, உப்பும் தூளும் போட்டு, உந்தக் கோப்பையில கொண்டந்து நீட்டினார். அண்டைக்குத்தான் அன்ரி எனக்குச் சோறு இறங்கினது. உள்ளுக்கு இருக்கிறவரும் ஒரு உதை விட்டார்!”

அருள்மலர் அந்த வயிற்றைப் பார்த்தாள். அசல் பிள்ளையார் வயிறு. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, கண்ணும் கலங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டு உருண்டையும் முடிந்துவிட்டது.

பின்னேரம் விநாயகமூர்த்தி வந்தார். கொப்பு வெறுமையாக இருந்தது. மேசையில் மெக்சிக்கோ மாங்காய். முகம் வெளிற, சாப்பாட்டுப் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“மலர்... கோயிலுக்குப் போகேல்லையே?”

“என்னத்துக்கு? பிள்ளையாருக்கு நேர்ந்த காய் எப்பவோ அவரிட்டைப் போய்ச் சேர்ந்திட்டுது. கோப்பையும் திரும்பி வந்திட்டுது.”

அருள்மலர் போய் அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, பைக்குள் இருந்த இந்தக் கிழமைக் காயை வெளியே எடுத்தாள். பச்சை நூலையும் அவர் கையில் வைத்தாள்.

“நிண்டு முழுசாமல் கெதியாக் கட்டுங்கோ, நாளைக்கு ரதி ஆக்கள் காய் பாக்க வருகினம். இந்தமுறையெண்டாலும் ஸ்ரிக்கரை உரிச்சுப்போட்டுக் கட்டுங்கோப்பா!”