காது அச்சு

தறிச் சத்தத்தில் காது போன கணவரிடம் கத்திக் கத்தியே மயிலாத்தாளின் குரல் பெருத்துவிட்டது. மின்கழிவு வாங்கும் கூடத்தில் அவள் வாயைத் திறந்ததும், பழைய டிவிகளைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாவே சொல்லுங்கம்மா, எனக்கு நல்லாக் கேக்குதுங்க" என்றாள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சாமான்களை வாங்கிக்கொண்டிருந்த சுகந்தி.

"அவிய போனதுக்கப்புறம் இது சும்மாதான் கெடக்குது கண்ணு. குப்பையில போட்டா மண்ணுக்கு ஆகாதுன்னாங்க. அதான் கொண்டாந்தேன்."

கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே காது கேட்கும் மிஷின். சுகந்தி அதிலிருந்த பொட்டு மாதிரியான பேட்டரியை எடுத்து ஒரு டப்பாவிலும், மிஷினை இன்னொரு டப்பாவிலும் போட்டாள். அதன் முனையில் செருகியிருந்த, காதுக்குள் அளவெடுத்து வார்த்த பிளாஸ்டிக் அச்சை மட்டும் இழுத்துக் கழற்றித் திருப்பி நீட்டினாள்.

"இதுல கரண்டு சாமான் எதுவும் இல்லீங்கம்மா. நாங்க எடுக்கறதில்லீங்க."

மயிலாத்தாள் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். அவருடைய காதின் உட்புறம், வளைவும் நெளிவுமாக, அப்படியே இருந்தது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வேறு ஆளில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுவிடும் என்று கடைசிவரை அவரிடம் சொல்லாமலே விட்ட ஒன்று அவளிடம் இருந்தது. அச்சை உதட்டருகே கொண்டுபோய், கத்தாமல் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, எப்போதும்போல அவர் "என்னது?" என்று திரும்பக் கேட்பாரென்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.